நம் வீட்டு விவரமும் நாட்டுச் சட்டமும்

ஒரு குடும்பத்தின் காகிதங்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், "பீரோவில்தான் இருக்கும்" என்பார்கள் வீட்டு ஆண்கள். பீரோவில் எந்தத் தட்டு, எந்தப் பை, எந்தப் புடவைக்கு அடியில் என்பது வீட்டுக்காரிக்கு மட்டுமே தெரியும். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மாமனாரின் பென்ஷன் காகிதம், காஸ் புத்தகம், வங்கிப் பாஸ் புத்தகம் எல்லாவற்றுக்கும் அவள்தான் காவல். எங்கே விண்ணப்பம் கொடுக்க வேண்டுமென்றாலும் பெரும்பாலும் அவள்தான் வரிசையில் நிற்கிறாள். "ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு, போன் நம்பர் எழுதிக் குடுங்கம்மா" என்றால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வருகிறாள்.

கொடுத்த காகிதம் பிறகு எங்கே போகிறது? அதை யார் யார் பார்க்கிறார்கள்? எத்தனை வருஷம் வைத்துக்கொள்கிறார்கள்? வேலை முடிந்ததும் கிழித்துப் போடுகிறார்களா, இல்லை பஜ்ஜி மடித்துக் கொடுக்கப் போய்விடுகிறதா? இதையெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்டால்தான் என்ன, "பின்னாடி ஆள் நிக்கறாங்க, நகருங்கம்மா" என்ற பதில்தான் வரும் என்று நமக்கே தெரியும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 'டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்' என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நம் பெயர், வயது, விலாசம், போன் நம்பர், உடம்புக்கு என்ன, கையில் பணம் எவ்வளவு என்பன போன்ற சொந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொள்பவர்கள், அது கம்பெனியானாலும் சரி, அரசாங்கமானாலும் சரி, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் சட்டம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளின் வரைவை 2025 ஜனவரி 3ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது. பிப்ரவரி 18 வரை என்று முதலில் சொன்னார்கள். பிறகு மார்ச் 5 வரை நீட்டினார்கள்.

பொதுமக்கள் என்றால் நாமும்தானே சகோதரிகளே? ஆனால் நம் தெருவில், நம் குழாயடியில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் கூட்டத்தில் எத்தனை பேர் இதைப் பற்றிப் பேசினோம்? வரைவு அரசிதழில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. கருத்தை இன்டர்நெட் வழியாக, எந்த விதியைப் பற்றி என்று குறிப்பிட்டு விதிவாரியாகச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் அது கைவந்த கலை. சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பவளுக்கு?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டுச் சட்டங்களில் மனிதரைக் குறிக்க 'அவன்' என்றுதான் எழுதுவது வழக்கம். அதிலேயே அவளும் அடக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டம் மட்டும் அதைத் திருப்பிப் போட்டது. ஆண், பெண் யாரானாலும் 'அவள்' என்றே எழுதியிருக்கிறது. 'அவளுடைய விவரம்', 'அவளுடைய சம்மதம்' என்றே சட்டம் முழுக்க வருகிறது. என் மகன் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. 'அவள்' என்று எழுதியாகிவிட்டது. அவளைக் கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

அந்தரங்கம் என்பது ஏதோ மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு வழக்கமில்லாதது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்புதலில்லை. என் பாட்டி தாத்தாவின் பெயரை வாய்திறந்து சொன்னதே இல்லை. யாராவது கேட்டால் சுவரில் மாட்டியிருக்கும் முருகன் படத்தைக் கையால் காட்டுவாள். வந்தவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்த வழக்கம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆனால் சுதந்திரம் வந்த மறுவருஷமே எழுதிய 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் இந்தப் பாட்டிகளை மறக்கவில்லை. கணக்கெடுக்க வருபவர் கேட்கும் கேள்விகளுக்கு எல்லாரும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய அதே பிரிவு, ஒரு விலக்கும் கொடுத்தது. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வழக்கத்தை முன்னிட்டுச் சொல்லத் தயங்கும் பெயரை, கணவர் பெயரேயானாலும், சொல்லும்படி எந்தப் பெண்ணையும் வற்புறுத்தக் கூடாது. அதுமட்டுமில்லை, எழுதிக்கொண்டு போன விவரத்தை வேறு யாரும் பார்க்க உரிமை கிடையாது, சில குற்ற வழக்குகளைத் தவிர கோர்ட்டில் சாட்சியமாகக் கொண்டுவரவும் முடியாது என்றும் பூட்டுப் போட்டது. வாசலில் நின்று கேட்பவரிடம் பெண்கள் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்லமாட்டார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்து எழுதிய சட்டம் என்பதால்தான் அது நம் வீட்டுக்குப் பொருந்தியது.

அதற்குப் பிறகு நம் நாட்டில் அந்தரங்கம் பல கோர்ட்டுகள் ஏறி இறங்கியது. அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1994இல் 'நக்கீரன்' ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் சுப்ரீம் கோர்ட், தன்னைத் தன் பாட்டில் விடும்படி கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றது. 2012இல் கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, எண்பது வயது தாண்டிய பெரியவர், ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த வழக்கில் கிளைத்த கேள்விக்குத்தான் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதையொட்டி நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு மக்களிடம் கருத்துக் கேட்டு 2018இல் அறிக்கை கொடுத்தது. 2019இல் ஒரு மசோதா வந்தது, 2022இல் வாபஸானது. அதே ஆண்டு நவம்பரில் புது வரைவு வந்தது. அதற்கு 21,666 கருத்துகள் வந்ததாக அரசு சொன்னது. அப்புறம்தான் 2023இன் சட்டம்.

சரி, இவ்வளவு விஷயமும் எனக்கு எதற்கு? ஊரில் எத்தனையோ சட்டம் வருகிறது, போகிறது. இதற்கு மட்டும் நான் ஏன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2024இல் எங்கள் வீட்டு மருமகள் உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை. ஐந்தாம் மாதத்தில், ஐப்பசியில், அது தங்காமல் போய்விட்டது. அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்முன் அவளைக் கேட்டேன். "எழுதுங்க அத்தை. என் பேரும் ஊரும் வேண்டாம்" என்றாள். எழுதி முடித்ததும் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். ஒரு வரியைப் பென்சிலால் அடித்தாள். அந்த வரி இங்கே இல்லை.

உடம்பு தேறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சமையலறைக்கு வந்து என்னோடு நின்று பேச ஆரம்பித்திருந்தாள். தை மாதம் ஒருநாள் மத்தியானம் அவள் போன் அடித்தது. எடுத்தவள் முகம் வெளுத்துவிட்டது. நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். "மேடம், டெலிவரி டேட் பக்கத்துல வந்துடுச்சே, குழந்தைக்கு எங்க ஸ்கீம்ல சேர்ந்துட்டீங்களா?" என்று ஒரு பெண் குரல். சின்னப் பெண்ணாக இருக்கும். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. "வேண்டாம்மா, இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதே" என்றேன். மறுவாரம் வேறொரு இடத்திலிருந்து, குழந்தை உணவு. அதற்கடுத்து டயாபர். பங்குனியில் ஒருவர், "பாப்பாவுக்கு ஒரு மாசம் ஆயிருக்குமே" என்றார்.

பிரசவத் தேதி எங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் வீட்டார் அந்தத் தேதியை எழுதிக் கொடுத்த இடங்களை எண்ணிப் பார்த்தோம். ஏழு வந்தது. அதில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை தெரியாது. யார் மீதும் நான் பழி போடவும் இல்லை. எனக்கு உறைத்தது வேறு. அந்தக் குழந்தை உண்டான சேதி ஏழு இடத்தில் பதிவாயிற்று. அது இல்லை என்ற சேதியைச் சொல்வதற்கு எங்களுக்கு ஓர் இடமும் இல்லை. யாரோ ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிள்ளை மாதா மாதம் வளர்ந்துகொண்டே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் என் மகன், "அம்மா, இதப் பத்தித்தான் கவர்மென்ட் கருத்துக் கேக்கறாங்க. மார்ச் அஞ்சு வரைக்கும் டைம் இருக்கு" என்றான். "நாம சொன்னா யாருடா கேக்கப் போறா?" என்றேன். "கேக்கறாங்களோ இல்லையோ, நாம சொல்லலைன்னா, சொன்னவங்களுக்குத் தோதா எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்தேன்.

ராத்திரி வேலைகள் முடிந்தபின் மூன்று நாள் அந்த வரைவை அவன் படித்துத் தமிழில் சொல்ல, நான் கேட்டேன். நல்ல விஷயங்களும் இருக்கின்றன, சகோதரிகளே. நம்மிடம் சம்மதம் வாங்கும்போது எந்த விவரம், எதற்காக என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைத் தமிழ் உட்பட, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். விவரம் திருடுபோனால் தாமதமில்லாமல் நமக்குச் சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரத்தைத் தாய் தகப்பன் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஆனால் அரசாங்கம் என்று வரும்போது கயிறு சற்றுத் தளர்கிறது. மானியம், உதவித்தொகை, சான்றிதழ், உரிமம் இவற்றுக்காக அரசு நம் விவரத்தைப் பயன்படுத்தும்போது சில நிலைகளில் புதிதாகச் சம்மதம் கேட்கத் தேவையில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக ஓர் அரசு அமைப்பையே சட்டத்திலிருந்து விலக்கிவைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 'என் விவரத்தை அழித்துவிடுங்கள்' என்று ஒரு கம்பெனியிடம் கேட்க நமக்கிருக்கும் உரிமை, அரசிடம் கேட்கும்போது பொருந்தாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. விதிகளின் இரண்டாம் அட்டவணை மட்டும், தேவையான விவரத்தைத்தான் வாங்க வேண்டும், தேவைப்படும் காலம்வரைதான் வைத்திருக்க வேண்டும், சந்தேகம் கேட்க யாரைத் தொடர்புகொள்வது என்று சொல்ல வேண்டும் என்று அரசுக்கும் சில கட்டுகளைப் போடுகிறது.

அரசுக்கு விவரமே கொடுக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, கிராம சுகாதார நர்ஸ் வீடு தேடி வருவதால்தான் எத்தனையோ தாய்மார்கள் காப்பாற்றப்படுகிறார்கள். ரத்தசோகை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று எழுதி வைத்தால்தானே கவனிக்க முடியும்? ஆகவே கொடுப்பதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. கொடுத்தது பத்திரமாக இருக்கிறதா என்பதுதான். அப்படிப் பத்திரப்படுத்த அரசுக்குத் தெரியாமலும் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தைப் பாருங்கள். அந்தச் சிகிச்சை பெற்ற பெண்ணின் பெயரையோ விவரத்தையோ, சட்டப்படி அதிகாரமுள்ளவரைத் தவிர வேறொருவரிடம் டாக்டர் சொன்னால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை. மனசு வைத்தால் பூட்டுப் போட முடிகிறது!

நான் மூன்று விஷயங்கள் எழுதினேன். தமிழில் எழுதியதை மகன் ஆங்கிலத்தில் மாற்றி, விதிவாரியாகப் பிரித்து அனுப்பினான்.

முதலாவது, கர்ப்பம் பற்றிய விவரம் மற்ற விவரம் மாதிரி இல்லை. அதற்கு ஒரு முடிவு தேதி உண்டு; சில சமயம் அந்த முடிவு நாம் நினைத்தபடி அமைவதில்லை. ஒரு பெண், அல்லது அவள் வீட்டார், ஒரே இடத்தில் ஒருமுறை சொன்னால் போதும் என்று இருக்க வேண்டும். அந்தச் சேதி போய்ச் சேர்ந்த எல்லா இடத்திலும் அழைப்பு நிற்க வேண்டும். இழப்பைப் பத்துப் பேரிடம் பத்துமுறை வாயால் சொல்ல வைக்கக் கூடாது.

இரண்டாவது, போன் நம்பர். விவரம் திருடுபோனால், பதிவு செய்த போனுக்கோ கணக்குக்கோ தகவல் அனுப்பலாம் என்கிறது விதி. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருப்பது கணவர் நம்பரை, மகன் நம்பரை. அவளைப் பற்றிய சேதி அவனுக்குப் போகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனைக்குப் போனவள் இருக்கலாம். மனநல டாக்டரைப் பார்த்தவள் இருக்கலாம். புருஷனுக்குத் தெரியாமல் நாலு காசு சேர்த்து வைத்தவள் இருக்கலாம். வெளியாளிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று வீட்டாளிடம் மாட்டிவிடக் கூடாது. ஆகவே, "இந்த நம்பர் உங்களுடையதா, வேறொருவருடையதா? உங்களுக்கு எப்படித் தகவல் சொல்லட்டும்?" என்று விண்ணப்பம் வாங்கும்போதே கேட்க வேண்டும் என்று எழுதினேன்.

மூன்றாவது, காகிதத்தில் ஒரு துண்டுச் சீட்டு. மண்ணெண்ணெய் வாங்கினால்கூட ரசீது உண்டே! அரசு அலுவலகத்தில் விவரம் கொடுத்தால், என்ன விவரம், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று நாலே வரியில் தமிழில் ஒரு சீட்டு. கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால், கம்ப்யூட்டர் இல்லாதவள் எங்கே போவாள்?

இறுதி விதிகள் 2025 நவம்பர் மாதம் வெளியாயின. டில்லி, மும்பை, கொல்கத்தா, குவஹாத்தி, ஹைதராபாத், பெங்களூரு, நம் சென்னை ஆகிய ஊர்களில் கூட்டம் போட்டுக் கேட்டதாகவும், மொத்தம் 6,915 கருத்துகள் வந்ததாகவும் அரசு சொன்னது. 140 கோடி பேர் இருக்கும் நாட்டில் 6,915! அந்த ஆயிரங்களில் ஒன்று என்னுடையது. யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியிடப் போவதில்லை என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். மனம் திறந்து சொல்வதற்காக அப்படி என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெரிய கம்பெனிகள் என்ன கேட்டன, அதில் எது ஏற்கப்பட்டது என்பதும் அதே போர்வைக்குள்தானே போய்விடுகிறது?

என் மூன்றில் ஒன்றும் நான் கேட்டபடி வரவில்லை. திருட்டுத் தகவல் பதிவான போனுக்கோ கணக்குக்கோ போகும் என்பது அப்படியே நிற்கிறது. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அறிவித்தபடி நடந்தால் 2027 மே மாதம்தான் சட்டம் முழு பலத்தோடு வரும். புகாரை விசாரிக்கத் 'தரவுப் பாதுகாப்பு வாரியம்' என்று ஒன்றையும் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அந்தரங்கம் என்ற பெயரில் மூடக் கூடாததையும் மூடிவிடலாம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தனிநபர் விவரமானாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தது. புதுச் சட்டம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்று வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது. இருந்தாலும், 'இது தனிநபர் விவரம், தர முடியாது' என்று சொல்வது இனிச் சுலபமாகிவிடுமே என்று தகவல் உரிமைக்காகப் பாடுபடுபவர்கள் கவலைப்படுகிறார்கள். ரேஷன் கடையில் யார் பெயரில் சர்க்கரை போயிற்று என்று கேட்டுத்தான் போலிக் கார்டைப் பிடிக்க முடியும். மருமகளின் பிரசவத் தேதி வேறு, பொதுப்பணம் யார் கைக்குப் போனது என்பது வேறு. முதலாவதைப் பூட்ட வேண்டும், இரண்டாவதைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வரிசையில் நிற்கும் நமக்குத் தெரிகிற மாதிரி, நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் நாம் பேச வேண்டும் என்கிறேன்.

சட்டம் முழுதாக வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. ஆதார் எண் முழுதும் தேவையில்லாத இடத்தில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் வலைத்தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடையில், கண்காட்சியில், பரிசுக் குலுக்கலில் பிறந்த தேதியும் போன் நம்பரும் கேட்டால், "எதுக்குங்க?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கர்ப்பிணிப் பெண்ணின் பிரசவத் தேதியை டாக்டருக்கும் நர்ஸுக்கும் தவிர வேறெங்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. விளம்பர அழைப்புகள் வேண்டாமென்றால் 1909 என்ற எண்ணுக்குப் போன் செய்து பதிந்துகொள்ளலாம். ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் போட்டோவோடு பெயர், பிறந்த நேரம், ஆஸ்பத்திரிப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பாமல் இருப்பது இளம் தாய்மார்களுக்கு நான் சொல்லும் ஒரு சின்ன வார்த்தை.

மருமகளுக்கு வந்த அழைப்புகள் 1909இல் பதிந்தபின் வெகுவாகக் குறைந்தன. ஒன்றிரண்டு வந்ததையும் அவளே எடுத்து, "தப்பான நம்பர்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அந்த நிதானம் அவளாகத் தேடிக்கொண்டது. எந்தச் சட்டமும் கொடுத்ததல்ல.

"மூணுல ஒண்ணும் வரலையே, எதுக்கு இந்த வேலை?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். விதிகள் கல்லில் செதுக்கியவை அல்லவே! 2018இலும் கேட்டார்கள், 2022இலும் கேட்டார்கள், 2025இலும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இனியும் திருத்துவார்கள், இனியும் கேட்பார்கள். அப்போது, பீரோச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்ற கணக்கும் அதில் இருக்கட்டும்.

உங்கள் சுய உதவிக் குழுவில், கோயில் வாசலில், பள்ளிக்கூட வாசலில் இதைப் பற்றி ஒருமுறை பேசிப் பாருங்கள். எந்த விவரம் எங்கே போய் யாரை நோகடித்தது என்று ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லும்போதும் சம்மதம் கேட்டுச் சொல்லுங்கள். அடுத்தமுறை அரசு கருத்துக் கேட்கிறது என்று காதில் விழுந்தால், 'நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்காதீர்கள். வீட்டில் படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் பேச்சில் நாலு வரி சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும் வேலைதான்.